கார் கண்ணாடியை உடைக்க எந்தச் சுத்தியல் வாங்கலாம்?

9.10.2024
கேள்வி, குரோம்பேட்டையிலிருந்து ஒருவர்: மழைக்காலம் வரப்போகிறது. தினமும் பழவந்தாங்கல் சப்வே வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். தண்ணீரில் மாட்டிக்கொண்டால் கார் கண்ணாடியை உடைக்க ஒரு சுத்தியல் வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். எதை வாங்கலாம்? சீட்டின் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி அந்தக் கம்பியால் அடித்தாலே போதும், அதற்காகத்தான் அதைக் கழற்றும்படி வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் வந்தது. அப்படியென்றால் சுத்தியலே வேண்டாமா?

9.10.2024, இரவு
ஹெட்ரெஸ்ட் கதை பொய். பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் கழுத்துக்கு அடிபடாமல் இருக்க வைத்தது அது. ஆளின் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால் கழற்றவும் வருகிறது, அவ்வளவுதான். என் காரில் அதுவும் வராது. ஏழு வருடப் பழசு, கீழ் வேரியன்ட், சீட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். உங்கள் காரில் வருகிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

சுத்தியல் என்னிடம் ஒன்று இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை நாளை தேடிவிட்டுச் சொல்கிறேன்.

10.10.2024
கிடைத்தது. டிக்கியில், மேட்டுக்கு அடியில், ஸ்டெப்னியின் குழிக்குள். 2015 வெள்ளத்துக்கு அடுத்த வருடம் பழைய காருக்காக வாங்கியது. கார் மாறியபோது உறை பிரிக்காமலே இதற்குக் குடிவந்திருக்கிறது. அதாவது மூழ்கும் காரிலிருந்து தப்பிக்க எனக்குச் சுத்தியல் வேண்டும். சுத்தியலை எடுக்க நான் முதலில் காரை விட்டு இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறக்க வேண்டும்.

நாளை ஆயுத பூஜை. அதற்கும் ஒரு பொட்டு வைத்து முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன்.

12.10.2024
கொஞ்சம் படித்தேன். கண்ணாடியில் இரண்டு ஜாதி. முன் கண்ணாடி லேமினேட்டட்: இரண்டு கண்ணாடித் தகடுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி விரியும், உதிராது. அதைச் சுத்தியலால் அடித்து வெளியே வரலாம் என்று நினைக்கவே வேண்டாம். பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டெம்பர்டு. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துச் செய்வது. மேல்புறம் இறுகி, உள்ளே இழுவிசையோடு நிற்கும். அதனால்தான் கையால் குத்தினால் அசையாது. கூர்மையான ஒரே ஒரு புள்ளியில் மேல்புறம் உடைந்தால் மொத்தமும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து கொடுக்கும். ஓரத்தில், மூலையில் அடிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், விலை கூடிய கார்களில் வெளிச் சத்தம் கேட்கக் கூடாது என்று பக்கக் கண்ணாடியையும் லேமினேட்டட் ஆக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019ல் ஆறு கருவிகளை வைத்துச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் காரின் ஒவ்வொரு கண்ணாடியின் கீழ் மூலையிலும் பொடி எழுத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். முன் கதவில் ஒன்று, பின் கதவில் வேறு என்றும் இருக்கும்.

எனக்கு நான்கு கதவும் டெம்பர்டு. கீழ் வேரியன்ட் வாங்கியதற்கு வாழ்க்கையில் முதல் முறையாக மகிழ்ந்தேன்.

14.10.2024
வேளச்சேரி மேம்பாலத்தில் இன்றே கார்களை வரிசையாக நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். நாளை மறுநாளுக்கு ரெட் அலர்ட். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன டிசம்பரில் மிக்ஜாம் சமயத்தில் பள்ளிக்கரணையில் கார்கள் காகிதக் கப்பல் மாதிரி அடித்துப்போன வீடியோவைப் பார்த்தவர்கள் அவர்கள். காரிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: காரை மேலே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போவது.

முகப்பேரிலிருந்து ஒருவர் கேட்கிறார், கதவைத் திறந்துகொண்டு இறங்க வேண்டியதுதானே, கண்ணாடியை ஏன் உடைக்க வேண்டும் என்று. கணக்குப் போட்டேன். கதவின் அகலம் ஒரு மீட்டர் என்று வையுங்கள். கதவின் அடி விளிம்புக்கு மேல் வெளியே அரை மீட்டர் தண்ணீர், உள்ளே இன்னும் வரவில்லை. கதவின் மேல் ஏறத்தாழ 125 கிலோ சாய்ந்து நிற்பதாக அர்த்தம். தண்ணீர் முக்கால் மீட்டர் ஆனால் 280 கிலோ. அதற்குப் பின் திறக்காது.

15.10.2024, மழை, வீட்டிலிருந்தே வேலை
நேற்றுப் போட்ட கணக்கில் பாதியை விட்டுவிட்டேன் என்று கிண்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கல்காரர் பிடித்துவிட்டார். கதவு ஒரு பக்கம் கீலில் தொங்குகிறது. தண்ணீரின் பாரம் அகலம் முழுக்கச் சமமாக விழுகிறது. நாம் தள்ளுவது கீலுக்கு எதிர் ஓரத்தில், கைப்பிடி பக்கம். ஆகவே பாதி விசை போதும்: 60 கிலோ சொச்சம், 140 கிலோ. சரி, திருத்திக்கொள்கிறேன். 60 கிலோவைச் சீட்டில் முதுகு கொடுத்துக் காலால் உதைத்துத் தள்ளிவிடலாம். 140 கிலோவை எங்கள் வீட்டில் யாரும் தள்ள மாட்டார்கள். கதவு திறக்குமா திறக்காதா என்பது அந்த ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

அதோடு, ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சின்னக் கார் மிதந்து நகரத் தொடங்கிவிடும். இரண்டடியில் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். நின்ற தண்ணீருக்குப் போட்ட கணக்கை ஓடும் தண்ணீரில் யாரும் நம்ப வேண்டாம்.

15.10.2024, மாலை
"உள்ளே தண்ணீர் நிறையும் வரை காத்திருந்தால் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிக் கதவு தானே திறக்கும்" என்று இன்னொருவர். இயற்பியல் சரிதான். கழுத்து வரை தண்ணீர் ஏறும்வரை அமைதியாக உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்க நம்மால் முடியுமா? வேறு எல்லாமே கைவிட்ட பிறகு கடைசியாகச் செய்ய வேண்டியது அது. முதல் வேலையாக வைத்துக்கொண்டால் செத்தோம்.

கனடாவில் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், ஆளை உள்ளே வைத்தே கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்திருக்கிறார். கார் உடனே மூழ்காது, அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கும், அதில் முதல் ஒரு நிமிடம்தான் நமக்கு என்கிறார். அவர் சொல்லும் வரிசை: பெல்ட், கண்ணாடி, குழந்தைகள், வெளியே. குழந்தைகளில் பெரியதை முதலில் அனுப்ப வேண்டும். அந்த வரிசையில் போன் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஆட்கள் முதலில் மச்சானைத்தான் கூப்பிடுவார்கள்.

பவர் விண்டோ தண்ணீர் பட்டதும் செத்துவிடாது, கொஞ்ச நேரம் வேலை செய்யும். ஆகவே முதலில் பட்டன். சுத்தியல் அது கைவிட்டால்.

19.10.2024
16ஆம் தேதி பெய்யாத மழையைப் பற்றி எல்லோரும் பேசி முடித்தாகிவிட்டது. நான் இன்று புதுப்பேட்டை போனேன்.

பழைய ஹேட்ச்பேக்கின் பின் கதவு ஒன்று, கண்ணாடியோடு, கூடவே தனியாக இரண்டு கண்ணாடி. மூன்றுக்கும் சேர்த்து 1,400 ரூபாய். என்ன மாடலுக்கு என்று கடைக்காரர் கேட்டார். உடைத்துப் பார்க்க என்றேன். "சார், உடைக்கறதுக்கா? உடைஞ்சதே தரேன், சும்மா எடுத்துக்கோங்க" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கடைப் பையன்கள் இருவர் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார்கள். கதவைச் சுவரில் சாய்த்து, சாக்கைப் போர்த்தி, வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆரம்பித்தோம்.

கடையில் கிடந்த ஹெட்ரெஸ்ட்டின் கம்பியால் நடுவில் நான்கு அடி. ஒன்றும் ஆகவில்லை, என் மணிக்கட்டுதான் விண்ணென்றது. இத்தனைக்கும் கை வீச இடம் இருந்தது. காருக்குள் உட்கார்ந்தால் அதுவும் கிடையாது. பையன் ஒருவன் கம்பியின் முனையைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே செருகி நெம்பினான். படீர். ஆக வாட்ஸாப் முழுப் பொய் இல்லை. அடிப்பதற்கு உதவாது, நெம்பினால் உதவும். அந்த இடைவெளியை இருட்டில், தண்ணீரில் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது கண்ணாடியைக் கதவில் மாட்டினோம். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் அடித்தேன். பாட்டில் நெளிந்தது. பொட்டு வைத்த சுத்தியல், நடுவில்: மூன்றாவது அடியிலும் நின்றது. மூலையில்: ஒரே அடி, மொத்தமும் காலடியில்.

மூன்றாவது, சாவிக்கொத்தில் மாட்டுகிற ஸ்பிரிங் வைத்த பஞ்ச். பேனா மூடி அளவுதான். மூலையில் வைத்து அழுத்தினேன். க்ளிக், கண்ணாடி இல்லை. கை வீச வேண்டியதில்லை, பலம் வேண்டியதில்லை. தண்ணீருக்குள் சுத்தியலை வீசினால் வேகம் பாதி போய்விடும். இதற்கு அந்தப் பிரச்சினை கிடையாது. எங்கள் வீட்டம்மாவே உடைக்கலாம் என்று சொல்ல வந்தேன். கூட வந்திருந்த வீட்டம்மா "அந்த 'ஏ'வை எடு" என்றார். எடுத்துவிட்டேன்.

20.10.2024
ஒன்றை விட்டுவிட்டேன். முதல் கண்ணாடியில் பழைய உரிமையாளர் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் இருந்தது. பையன் நெம்பியபோது நொறுங்கியதே தவிர உதிரவில்லை, ஈரத் துணி மாதிரி அப்படியே தொங்கியது. பிறகு காலால் உதைத்துத்தான் வெளியே தள்ள வேண்டியிருந்தது. அந்தக் கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012லேயே தடை செய்தது. போலீசுக்குப் பயந்து எடுக்காதவர்கள் இதற்காகவாவது எடுக்கலாம்.

என் ஷூவுக்குள் இன்னும் கண்ணாடித் துகள் இருக்கிறது.

27.10.2024
வீட்டில் ஒத்திகை. பார்க்கிங்கில், எஞ்சின் அணைத்த காரில், நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு. போன் ஸ்டாப்வாட்சில் ஒரு நிமிடம். எனக்கு ஏகப்பட்ட நம்பிக்கை இருந்தது.

அப்பாவுக்கு 74 வயது, பின் சீட்டில் நடுவே. பெல்ட்டின் பக்கிள் கிடைக்கவே இல்லை. என்னவென்று பார்த்தால், சீட் கவர் போட்ட புண்ணியவான் பின் சீட்டின் நடு பக்கிளைக் கவருக்கு அடியில் புதைத்துத் தைத்துவிட்டிருக்கிறான். அப்பா மாட்டியிருந்தது பக்கத்து பக்கிளில். இத்தனை வருடம் நாங்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் பின் சீட்டில் யாரும் பெல்ட் போட்டதே இல்லை. அடுத்தது, மகளுக்காகப் பின் கதவில் சைல்டு லாக் போட்டு வைத்திருந்தேன். அது மகளை மட்டும் பூட்டவில்லை, அப்பாவையும் பூட்டியது. என் பக்கம் இருக்கும் விண்டோ லாக் பட்டனும் அழுத்தியபடியே. ஆக என் காரின் பின் பாதி, உள்ளேயிருந்து திறக்க முடியாத பெட்டி.

நேரம்: அப்பா, 2 நிமிடம் 50 விநாடி, அதுவும் நான் இறங்கி வெளியிலிருந்து திறந்துவிட்ட பிறகு. மகளுக்கு 20 விநாடி. அவள் முன் சீட்டைத் தாண்டிக் குதித்து என் கதவு வழியாகப் போய்விட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இத்தனை நாளாக இங்கே சுத்தியலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஒரு பிளேடு வாங்கி சீட் கவரைக் கிழித்தேன். செலவு 5 ரூபாய். இதுவரை செய்ததில் உருப்படியான வேலை இதுதான்.

28.10.2024
இன்னொன்று நினைவு வந்தது. சில வருடம் முன் எழும்பூரிலிருந்து ராத்திரி கால் டாக்ஸியில் வந்தேன். நல்ல மழை. கெங்கு ரெட்டி சப்வேயில் இறங்குவதற்கு முன் டிரைவர் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். லேப்டாப் பை நனைகிறது என்று சத்தம் போட்டேன். "தண்ணிக்குள்ள வண்டி நின்னுட்டா அப்புறம் இறங்காது சார், பெல்ட்டையும் எடுத்துடுங்க" என்றார். எதையும் நான் கேட்கவில்லை, இறங்கும்போது ரேட்டிங்கிலும் கையை வைத்தேன். கனடா பேராசிரியர் சொன்ன முதல் இரண்டையும் அந்த மனிதர் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறார்.

இறங்காமலே இருந்திருக்கலாம் என்பது தனி. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் காரோடு மூழ்கி ஒரு மருத்துவர் இறந்தார். ஆறும் இல்லை, கடலும் இல்லை. தினமும் வண்டி போகிற ஒரு பள்ளம்.

30.11.2024, ஃபெங்கல்
ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். கார் மூன்றாவது மாடியில் இருக்கும் ஆபீஸ் பார்க்கிங்கில், நான் வீட்டில்.

இதுவரை எழுதியதெல்லாம் "சீக்கிரம் வெளியே வா" என்பதுதான். அதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. மின்கம்பி காரின் மேல் விழுந்தால் இறங்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை பிழைப்போம். ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலும் இருக்கும் அந்த ஒரு கணத்தில் மின்சாரம் நம் வழியாகப் போகும். மின்வாரியம் வந்து துண்டிக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும், பக்கத்தில் வருகிறவரையும் கத்தித் தடுக்க வேண்டும். கார் தீப்பிடித்தால் மட்டும், எதையும் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சின்னச் சின்னதாகத் தேய்த்தபடி விலகிப் போக வேண்டும்.

மிக்ஜாம் முடிந்த மறுநாள் மடிப்பாக்கத்தில் என் பேனட்டின் மேல் ஒரு கம்பி விழுந்தது. மேலே சொன்ன அத்தனையும் தெரியும். நாற்பது நிமிடம் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன், தெருவே தூர நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு பையன் சைக்கிளில் வந்து, அதைக் கையால் எடுத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். கேபிள் டிவி வயர்.

1.12.2024
அந்தப் பையன் செய்தது சரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேபிள் வயர் என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாளைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

12.1.2025
பொங்கலுக்கு ஊருக்கு, கிளாம்பாக்கத்திலிருந்து ஆம்னி பஸ். பழக்க தோஷம், ஏறியதும் எமர்ஜென்சி கதவு எங்கே என்று பார்த்தேன். அதன் முன்னால் சீட்டுக்கும் கதவுக்கும் இடையில் யாரோ கரும்புக் கட்டைச் செருகி வைத்திருந்தார்கள். சுத்தியல் மாட்டும் கொக்கி இருந்தது, சுத்தியல் இல்லை. 2013ல் மகபூப்நகர் பக்கம் பாலத்தில் ஏசி பஸ் எரிந்து 45 பேர் இறந்த செய்தி அந்த ராத்திரி தூங்கவிடவில்லை. கண்டக்டரிடம் சொன்னேன். "அதெல்லாம் எடுத்துட்டுப் போயிடறாங்க சார்" என்றார். பஞ்ச் சாவிக்கொத்தில் இருந்தது. கையில் பிடித்தபடியே விழுப்புரம் தாண்டித் தூங்கினேன்.

18.5.2025
அக்னி நட்சத்திரம். தண்ணீர் பேச்சே இல்லாத மாதத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று எங்கள் அடுக்ககத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் கண்ணாமூச்சி விளையாட்டில் காருக்குள் ஒளிந்து மாட்டிக்கொண்டான். சைல்டு லாக். பத்து நிமிடத்துக்குள் வாட்ச்மேன் பார்த்துவிட்டார். தொப்பலாக நனைந்திருந்தான், மற்றபடி ஒன்றுமில்லை. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெளியை விடப் பத்து டிகிரி ஏறிவிடும்.

பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலும் ஹாரன் அடிக்கும். என் காரில் அடிக்கிறது, சோதித்துவிட்டேன். உங்கள் காரில் நீங்கள் பாருங்கள். மகளுக்கும் அவள் கூட்டத்துக்கும் சொல்லிக்கொடுத்தேன்: மாட்டிக்கொண்டால் முன் சீட்டுக்குத் தாவு, ஹாரனை அழுத்து, யாராவது வரும்வரை விடாதே. ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு ஒரு முறை. மூன்றாவது பிள்ளை அழுத்தும்போது அசோசியேஷன் செயலாளர் பனியனோடு இறங்கி வந்தார். விளக்கினேன். தன் பேத்தியைக் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தினார்.

21.9.2025
குரோம்பேட்டைக்காரர் ஒரு வருடம் கழித்து வந்து கேட்கிறார்: "எல்லாம் சரி, எந்தச் சுத்தியல் வாங்கலாம் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?"

ஸ்பிரிங் பஞ்ச், சாவிக்கொத்தில். பட்டன் ஸ்டார்ட் என்றால் சாவி பையிலேயே கிடக்கும், அப்போது பெல்ட் வெட்டும் பிளேடும் சேர்ந்ததாக ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். கிளவ் பாக்ஸ் வேண்டாம். கண்ணாடி லேமினேட்டட் என்றால் எதையும் வாங்காதீர்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சீட் கவரைத் தூக்கிப் பின் பக்கிளைப் பாருங்கள்.

இன்று மறுபடி ஒத்திகை. சைல்டு லாக் மகள் பக்கம் மட்டும், அப்பா இப்போது ஓரத்து சீட்டில். 38 விநாடி. இறங்கியதும் காபி கேட்டார், ஒரு நிமிடத்துக்குள்.